வீட்டுக்கு ஒரு பதில்

ஒரு ரயிலை எடுத்துவிட்டால் ஊர் என்ன ஆகும் என்று பார்க்க அறவாழிக்கு அரை மணி நேரம் போதும். எதிரில் வைத்த காபி ஆறி ஆடை கட்டுவதற்குள் கணினிக்குள் பத்து வருஷம் ஓடி முடிந்துவிடும்.

மருதக்குறிச்சி வட்டார வளர்ச்சி ஆய்வு மையத்தில் அதற்கென்றே 'நகல்' என்று ஒன்று இருந்தது. வட்டாரத்தின் ஒவ்வொரு வீட்டுக்கும், வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் கணினிக்குள் ஒரு நகல். யார் என்ன படித்தார்கள், எவ்வளவு தூரம் போய் வேலை பார்க்கச் சம்மதிப்பார்கள், எதற்கு ஆசைப்படுவார்கள், எதற்குப் பயப்படுவார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு வந்த பதில்களால் ஆன ஆட்கள். உள்ளே ஒரு சாலை போட்டால் அதில் நடப்பார்கள். ஆலையை மூடினால் வேலை தேடி அலைவார்கள். கேள்வி கேட்டால், நிஜ ஆள் என்ன சொல்வாரோ அதையே சொல்வார்கள். நிஜ மனிதர்கள்மேல் திட்டங்களைப் போட்டுப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொள்ள வேண்டாமே என்று செய்த ஏற்பாடு அது. கட்டியவன் அறவாழி. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. நகலைப் பற்றி யாராவது குறை சொன்னால் அவனுக்கு அன்று முழுக்கச் சோறு இறங்காது.

இப்போது அதனிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று வந்திருந்தது. திருச்சியிலிருந்து மருதக்குறிச்சி வரை இருக்கும் ரயில் பாதையை அடுத்த ஊரான வெள்ளாற்றூர் வரை நீட்டலாமா, வேண்டாமா? வெள்ளிக்கிழமைக்குள் மையம் கருத்துச் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் இன்னும் ஒரு தலைமுறைக்கு அந்தப் பேச்சை யாரும் எடுக்கமாட்டார்கள்.

மையத்தின் கருத்து என்றால் அறவாழியின் கருத்துதான். அவனுக்கு ரயில் என்றாலே ஆகாது.

காரணம் ஊருக்கே தெரியும். பத்து வருஷத்துக்கு முன்னால் மருதக்குறிச்சிக்கு ரயில் வந்தபோது தாரை தப்பட்டையோடு வரவேற்றார்கள். ஒரு மணி நேரத்தில் திருச்சி. தொழில் பெருகும், கடை கண்ணி பெருகும் என்றார்கள். பெருகியதெல்லாம் திருச்சியில்தான். படித்த பெண்கள் அங்கே வேலை கிடைத்து விடுதிகளில் தங்கினார்கள். பின்னாலேயே சில குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போயின. பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த ஜவுளிக்கடையை மூடினார்கள். அந்த இடத்தில் ஒரு மெஸ் வந்தது. சாயங்காலம் ஆனால் ஊரின் பாதி ஆண்கள் அங்கேதான். 'ஒண்டிக்கட்டை மெஸ்' என்று எந்தப் புண்ணியவான் பெயர் வைத்தானோ, அதுவே நிலைத்துவிட்டது. யாரும் யாரோடும் பேசமாட்டார்கள். பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னா ஊற்றி, இலையைப் பார்த்தபடி தின்றுவிட்டு எழுந்து போவார்கள்.

அறவாழியும் அங்கேதான் தின்றான். அவன் மனைவி வினோதினி வேதியியல் படித்தவள். ரயில் வந்த வருஷமே திருச்சியில் குடிநீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்தது. ஆறு மணிக்குத்தான் வேலை முடியும். ஊருக்குத் திரும்பும் கடைசி ரயிலோ நாலரைக்கு. ரயில் வந்துவிட்டதே என்று பேருந்துகளையும் குறைத்துவிட்டார்கள். விடுதியில் அறை எடுத்தாள். முதலில் சனிக்கிழமைதோறும் வந்தாள். பிறகு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம். பிறகு தீபாவளி, பொங்கல். பிறகு அதுவும் இல்லை. பிள்ளை குட்டி இருந்தால் இழுத்து வந்திருக்கும், அதுவும் இல்லை. சண்டை போட்டுப் பிரிந்திருந்தாலாவது சமாதானம் பேச நாலு பேர் வந்திருப்பார்கள். சண்டையே இல்லாமல் முடிந்துபோனதற்கு யார் வருவார்கள்? போனவள்தானே வர வேண்டும் என்று அவன் இருந்தான். அவள் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நகலிலிருந்து ரயிலை எடுத்துவிட்டு ஓட்டினான். தண்டவாளம் இல்லாத மருதக்குறிச்சி திரையில் வளர்ந்தது. வீடுகள் பூட்டப்படவில்லை. ஜவுளிக்கடை அதே இடத்தில் இருந்தது. ஊரைவிட்டுப் போனவர்கள் என்று எண்ணினால் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சொந்த வீட்டைப் பார்க்கக் கூடாது என்று மையத்தில் விதி உண்டு. விதியை எழுதியவனும் அறவாழிதான். எழுதியவனுக்கே அது பொருந்துமா என்ன? கதவைச் சாத்திவிட்டு, பள்ளிவாசல் தெருவில் தன் வீட்டைத் தொட்டான். உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள்.

இரண்டு பேர். பேசலாமா என்று ஒரு கணம் தயங்கினான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"வினோதினி, நல்லா இருக்கியா?"

நகல்களுக்கெல்லாம் ஒரே குரல்தான். பெண் என்றால் ஒரு குரல், ஆண் என்றால் ஒரு குரல். அவளுடைய குரல் இல்லை. ஆனால் பதில் வந்தது.

"எனக்கு என்னங்க குறை? நல்லா இருக்கேன்."

"திருச்சியில ஒரு வேலை இருக்காம். போறியா?"

"வேலைக்குப் போறதெல்லாம் நமக்கு ஒத்துவராதுங்க. வீட்டைப் பாத்துக்கிட்டாப் போதும்."

அன்றும் மறுநாளும் அவன் அதோடு பேசிக்கொண்டே இருந்தான். சாப்பிட்டியா என்றான். மழை வருது பாரு என்றான். பைத்தியக்காரத்தனம் என்று அவனுக்கே தெரியும், நிறுத்த முடியவில்லை. இத்தனை வருஷம் சுவரோடு பேசியவனுக்குப் பதில் சொல்லும் சுவர் கிடைத்தால் விடுவானா? புதன்கிழமை மாலை கருத்தை எழுதி முடித்தான்: ரயில் மருதக்குறிச்சியின் மனிதர்களை உறிஞ்சிவிட்டது, வெள்ளாற்றூருக்கும் அதே கதி வேண்டாம், பாதையை நீட்டக் கூடாது. எழுதும்போது பழிதீர்த்த திருப்தி இருந்தது என்பதை அவனிடமே அவன் மறைக்கவில்லை.

அனுப்புவதற்கு முன்னால் ஜெசிந்தா வந்துவிட்டாள்.

ஜெசிந்தா மையத்தின் களஆய்வுப் பிரிவுக்குப் போன வருஷம்தான் பொறுப்பேற்றவள். பொருளாதாரத்தில் முனைவர் பட்டம், வாயில் எப்போதும் ஏலக்காய். இரண்டு மாதமாக வெள்ளாற்றூரிலேயே கிடந்து புதிதாக வீடு வீடாய்க் கேட்டு வந்திருந்தாள்.

"சார், வெள்ளாற்றூர் பதிலெல்லாம் வந்துடுச்சு. இதைப் போட்டு ஓட்டிப் பாத்துட்டு அனுப்புங்க."

"பழசே போதும்மா. முடிச்சுட்டேன்."

"பழசுல ஒரு சிக்கல் இருக்கு சார்." அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "மருதக்குறிச்சிக்கு ரயில் வர்றதுக்கு முன்னாடி நீங்க நகலைக் கேட்டீங்கல்ல? இந்த ஊர்ப் பொம்பளைங்க எத்தனை பேர் திருச்சிக்கு வேலைக்குப் போவாங்கன்னு?"

"கேட்டோம். யாரும் போகமாட்டாங்கன்னு சொல்லுச்சு. அதனாலதான் சாயங்காலம் லேட்டா ஒரு வண்டி தேவையில்லைன்னு எழுதினோம். காலேஜ் பசங்களுக்கும் வியாபாரிங்களுக்கும் நாலரை வண்டி போதும்னு விட்டாங்க."

"ஆனா போனாங்களே சார்?"

அறவாழி கையை விரித்தான். "ரயிலோட ஈர்ப்பு. வந்த பிறகு மனசு மாறிடுச்சு. அதையும் நகல்ல சேத்துட்டேன். ரயில் இருந்தா ஆளை இழுக்கும், எடுத்துட்டா இழுக்காது."

"மனசு மாறல சார். முதல்லயே கேக்கல." ஜெசிந்தா சிரித்தாள், ஆனால் அது கேலிச் சிரிப்பில்லை. "நானும் வெள்ளாற்றூர்ல முதல் வாரம் அதே தப்பைத்தான் செஞ்சேன். நாம போய்க் கதவைத் தட்டுவோம். அந்தம்மாதான் வரும். 'கணக்கெடுக்க வந்திருக்கோம்'னா, 'இருங்க, அவரைக் கூப்புடுறேன்'னு உள்ள போயிடும். அவர் வந்து உக்காருவார். வீட்டுக்கு ஒருத்தர் சொன்னாப் போதும்னுதானே நம்ம முறை? எல்லாருக்கும் அவரே பதில் சொல்லுவார். 'உங்க வீட்டம்மா வேலைக்குப் போவாங்களா?'ன்னா, 'அவளா? அவளுக்கு அதெல்லாம் ஒத்துவராது'ம்பார். அந்தம்மா அதுக்குள்ள காபியோட வந்து நிக்கும். நாம அந்தக் காபியக் குடிச்சுட்டு அவர் சொன்னத எழுதிக்கிட்டு வருவோம்."

"அந்தம்மாவும் மறுத்துச் சொல்லலாமே?"

"வாசல்ல வேத்து ஆள் இருக்கும்போது புருஷன் சொன்னத இல்லைன்னு சொல்லுற பழக்கம் நம்ம பக்கம் யாருக்கு சார் இருக்கு? அவரே வீட்டுல இல்லைன்னாலும், 'அவர் வரட்டும், நாளைக்கு வாங்க'ன்னுதான் சொல்லுது. அதனால நான் வீட்டுக்குப் போறத விட்டுட்டேன். ரேஷன் கடை, தண்ணி டேங்க், பள்ளிக்கூட வாசல்னு நின்னேன். திருச்சி விடுதிகளுக்கும் போயி நம்ம மருதக்குறிச்சிப் பொண்ணுங்களக் கேட்டேன்."

அறவாழி திரும்பி அவளைப் பார்த்தான்.

"உங்க வீட்டம்மாவப் பாக்கப் போகல சார். அது எனக்கு முறையில்ல."

அறவாழி திரைப்பக்கம் திரும்பி, "எத்தனையோ கேள்வி. எல்லாத்துக்குமா புருஷன்மாரே பதில் சொல்லியிருப்பாங்க?" என்றான். அவனுடைய நகலை அவன் விட்டுக்கொடுக்க மாட்டான்.

"நீங்களே கேட்டுப் பாருங்க. ஏதாவது ஒரு தெருவுல பொம்பளைங்க எல்லாரையும் கூப்பிட்டு, என்ன சாப்பாடு புடிக்கும்னு கேளுங்க."

அறவாழி கடைத்தெருவைத் தேர்ந்தெடுத்துக் கேட்டான். அதே குரல், வீடு மாற்றி வீடு, பதில் சொல்லிக்கொண்டு வந்தது.

"அவருக்குப் புடிச்சதுதாங்க எனக்கும்."

"அவர் என்ன சாப்பிடுறாரோ அதாங்க."

"எனக்குன்னு என்னங்க இருக்கு?"

தெரு முடியும்வரை அவனால் கேட்க முடியவில்லை. நடுவிலேயே நிறுத்தினான். இரண்டு நாளாகத் தன்னோடு பேசியது யார் என்பது அப்போது அவனுக்குப் புரிந்தது. ரயில் வருவதற்கு முன்னால் தன் வீட்டில் கணக்கெடுத்த நாள் நினைவுக்கு வந்தது. மையத்திலிருந்து ஆள் வந்திருந்தான். வினோதினி அடுப்படியில் அப்பளம் பொரித்துக்கொண்டே, "யாருங்க வந்திருக்கா?" என்று கேட்டாள். "ஆபீஸ் ஆளு, ஒண்ணுமில்ல" என்று அறவாழி சொன்னான். பிறகு வந்தவனிடம், சொந்த வீடுதானே என்ற உரிமையில், கடகடவென்று எல்லாப் பதிலையும் சொன்னான். நமக்கு ஒத்துவராது, வீட்டைப் பார்த்துக்கொண்டால் போதும். அவன் வார்த்தைகளைத்தான் அது அவனுக்கே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது. அவன் கொஞ்சியது தன்னையேதான்.

"புதுசைப் போடுங்க" என்றான்.

ஜெசிந்தா கொண்டுவந்த பதில்களை உள்ளே ஏற்றினார்கள். ரயிலின் ஈர்ப்பு என்று அவன் ஒட்டுப்போட்டிருந்ததைப் பிய்த்தெறிந்தார்கள். ரயில் இல்லாத மருதக்குறிச்சியை முதலில் ஓட்டினார்கள். பெண்கள் அப்போதும் போனார்கள். பேருந்திலும் வேனிலும் தொங்கிக்கொண்டு போய், இன்னும் சீக்கிரமாகவே விடுதிகளில் சேர்ந்தார்கள்.

"இப்ப ரயிலை வைங்க சார். திரும்புற வண்டிய நாலரைலேருந்து ஏழுக்கு மாத்துங்க."

வைத்தான். மாற்றினான். பத்து வருஷம் ஓடியது.

இரவு எட்டு மணிக்கு ரயிலடியில் பெண்கள் கும்பலாக இறங்கினார்கள். வெளியே காய்கறி வண்டிகள் நின்றன. அவற்றைச் சுற்றிப் பூக்கடை, மருந்துக்கடை, இரண்டு தையல் கடை, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள மூன்று தெருவில் காப்பகங்கள், ஷேர் ஆட்டோ ஓட்டும் இளவட்டங்கள். ஜவுளிக்கடைக்காரர் மாடி எடுத்திருந்தார். ஊருக்குள்ளேயே புதிதாகக் கிடைத்த வேலைகள் திருச்சிக்குப் போனவர்களைவிட அதிகம்.

"சம்பளம் திருச்சியில, செலவு மருதக்குறிச்சியில" என்றாள் ஜெசிந்தா. "ஆளு ராத்திரி வீட்டுக்கு வந்தாத்தானே சார் காசும் கூட வரும்?"

"அப்ப ரயில் ஊரைக் கெடுக்கல."

"இல்ல சார். திரும்பி வர்றதுக்கு வண்டி விடல, அவ்வளவுதான். விட்டிருந்த நாலரை வண்டியில பொம்பளைங்க ஏறல. ஏறலங்கறதக் காட்டியே வருஷா வருஷம், கூட்டமில்ல, இன்னொரு வண்டி எதுக்குன்னு விட்டுட்டாங்க."

அவன் கை தானாகப் பள்ளிவாசல் தெருவுக்குப் போனது. ஜெசிந்தா பார்க்கிறாளே என்றுகூட வெட்கப்படவில்லை. காலையில் வீட்டிலிருந்து ஒருத்தி கிளம்பினாள். இரவு எட்டுக்கு மேல் திரும்பி வந்தாள். மறுநாளும் வந்தாள். மாதம் தள்ளிப் பார்த்தான், வருஷம் தள்ளிப் பார்த்தான். ஒவ்வொரு நாளும் வந்தாள். அறவாழி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அது உங்க வீட்டம்மா இல்ல சார்" என்றாள் ஜெசிந்தா தணிந்த குரலில். "அவங்க பதில் நம்மகிட்ட இல்ல. மத்தவங்க சொன்னதோட சராசரியப் போட்டு அது நிரப்பியிருக்கு. அசல் வேணும்னா அவங்களத்தான் கேக்கணும்."

அவள் போன பிறகு எழுதியதை அழித்துவிட்டு வேறு எழுதினான். பாதையை வெள்ளாற்றூர் வரை நீட்டலாம். ஆனால் திருச்சியிலிருந்து மாலை ஏழு மணிக்கு ஒரு வண்டி புறப்பட்டே ஆக வேண்டும். அது இல்லையென்றால் பாதையே போட வேண்டாம். இதுவரை சொன்னது தவறு, தவறு மையத்தினுடையது என்றும் எழுதினான். இயக்குநர் போனில் கத்தினார். அறவாழி கேட்டுக்கொண்டான். அனுப்பியும் விட்டான். வெள்ளாற்றூர்ப் பெண்கள் வீட்டுக்குத் திரும்பி வருவார்கள். அதில் இனி யாரும் கை வைக்க முடியாது.

வெள்ளிக்கிழமை மாலை, மெஸ்ஸுக்குப் போகாமல், வினோதினிக்குப் போன் செய்தான். மணி அடிக்க அடிக்க, எடுக்காமல் இருந்தால் நல்லது என்றுகூடத் தோன்றியது. எடுத்துவிட்டாள். பின்னால் குக்கர் விசில், இரண்டு மூன்று பெண்களின் சிரிப்பு.

"என்னங்க, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்ல. ஆபீஸ் விஷயமா. ஒரு கணக்கெடுப்பு. உன்... உங்க பதில் வேணும்."

"உங்களா?" அவள் சிரித்துவிட்டாள். "சரி, கேளுங்க. அரிசி கொதிக்குது, சீக்கிரம்."

அன்று கணக்கெடுக்க வந்த ஆளைப்போலவே அவன் வரிசையாகக் கேட்டான். வீட்டில் எத்தனை பேர்? மூன்று பேர், கூட வேலை பார்க்கும் இரண்டு பேரோடு உறையூரில் வீடு எடுத்திருக்கிறாள். வேலை பிடித்திருக்கிறதா? பிடித்திருக்கிறது. பரிசோதனைக் கூடத்துக்கு இப்போது அவள்தான் பொறுப்பு. அவனுக்கு அது தெரியாது. என்ன சாப்பாடு பிடிக்கும் என்று கேட்டான். கொஞ்சம் யோசித்து, "கருவாட்டுக் குழம்பு" என்றாள். அவர்கள் வீட்டில் கருவாடு வாங்கியதே இல்லை. அவனுக்கு அந்த வாடை ஆகாது.

"அப்போ, வேலைக்குச் சேந்த புதுசுல, சாயங்காலம் ஏழு மணிக்கு ஊருக்கு ஒரு வண்டி இருந்திருந்தா தினம் திரும்பி வந்திருப்பீங்களா?"

குக்கர் இன்னொரு விசில் அடித்தது.

"வந்திருப்பேன்" என்றாள். "நின்னுக்கிட்டாவது வந்திருப்பேன்."

"வெள்ளாற்றூர் வரைக்கும் பாதைய நீட்டி ஏழு மணி வண்டி விடப்போறாங்க. நான் எழுதியிருக்கேன்" என்றான்.

"நல்லதுங்க. வெள்ளாற்றூர்ப் புள்ளைங்களுக்கு உதவும்."

"உனக்கு..."

"எனக்கு இப்ப வேணாம்னு போட்டுக்குங்க." அதில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் அவனுக்கு ஏதாவது ஒரு பிடி கிடைத்திருக்கும். "ஆனா ஒரு கேள்விய விட்டுட்டீங்க. வீட்டுக்காரரப் பத்திக் கேக்கவே இல்லையே?"

"வீட்டுக்காரர்..."

"அதுக்கும் நானே சொல்லிடுறேன். வீட்டுக்கு ஒருத்தர் சொன்னாப் போதும்தானே உங்களுக்கு? ஞாயித்துக்கிழமை காலைல அங்கேருந்து திருச்சிக்கு ஒரு வண்டி இருக்கு. இத்தனை வருஷமா ஓடுது. பொண்டாட்டியப் பாத்துட்டு, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுட்டுத் திரும்பறதுக்கு நாலரைக்கு வண்டி இருக்கு. அவருக்கு வசதியா அவரே போட்ட டைமு. அதுல ஒரு தடவை ஏறுவாரான்னு கேளுங்க."

அவன் கேட்கவில்லை.

"ஏறமாட்டார்" என்றாள் வினோதினி. "அவருக்கு அதெல்லாம் ஒத்துவராது."

நீயாக எப்படி எனக்காகச் சொல்லலாம் என்று கேட்க வாய் திறந்தான். அவள் காத்திருந்தாள். பின்னால் யாரோ அவளைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

"வேற ஏதாவது கேக்கணுமா?"

"இல்லங்க" என்றான் அறவாழி. "அவ்வளவுதாங்க."